வாசலில் நிற்கும் கார்: வாசகர் கேள்விகளுக்கு ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனின் பதில்கள்

திருச்சி பாலக்கரையில் முப்பத்தொரு வருடமாகக் கார் வயரிங் வேலை பார்க்கிறேன். சென்ற இதழில் பேட்டரி பராமரிப்பு பற்றி எழுதும்போது, கார் திருட்டு பற்றிய சந்தேகங்களை அனுப்புங்கள் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன். நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. பலருக்கு வங்கிக் கடன் இன்னும் முடியவில்லை. சிலருக்கு அந்த வண்டிதான் பிழைப்பு. முடிந்தவரை விளக்கமாகவே எழுதுகிறேன்.

சாவி இல்லாமலே வண்டியைத் திறந்து ஓட்டிக்கொண்டு போகிறார்களாமே? போன மாதம்தான் பட்டன் ஸ்டார்ட் கார் வாங்கினோம். வெளிநாட்டில் இருக்கும் மகன், சாவியை அலுமினியத் தாளில் சுற்றி வை என்கிறான். இது உண்மையா? – ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்

உங்கள் மகன் சொல்வது உண்மைதான் அம்மா. எப்படி நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் பயம் பாதி குறைந்துவிடும்.

நீங்கள் கதவுக் கைப்பிடியைத் தொட்டதும் கார்தான் முதலில் கூப்பிடுகிறது. 125 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய மெல்லிய அலை அது. ஒன்று ஒன்றரை மீட்டர் தூரத்துக்குத்தான் கேட்கும். கைப்பையில் இருக்கும் சாவி அதைக் கேட்டு, வேறோர் அலைவரிசையில் ரகசிய எண்ணைப் பதிலாக அனுப்புகிறது. நம் குரல் எட்டிவிட்டது, அப்படியானால் சாவி பக்கத்தில்தான் இருக்கிறது என்று கார் நம்புகிறது. திருடர்கள் பயன்படுத்துவது அந்த நம்பிக்கையைத்தான். ஒருவன் கார் பக்கத்தில் ஒரு கருவியோடு நிற்பான். இன்னொருவன் உங்கள் வீட்டு ஜன்னலோரம் ஓர் ஆன்டெனாவோடு நிற்பான். காரின் குரலை முதல் கருவி வாங்கி இரண்டாவதுக்கு அனுப்பும். அது ஹாலில் மாட்டியிருக்கும் சாவியின் காதில் போய்ச் சொல்லும். சாவி பதில் சொன்னதும் கதவு திறக்கும், பட்டனை அழுத்தினால் வண்டியும் கிளம்பும். ஓடத் தொடங்கிய எஞ்சின் சாவி தூரமாகிவிட்டது என்பதற்காக நின்றுவிடாது. நடுரோட்டில் நின்றால் விபத்தாகும் என்பதால் கம்பெனியே அப்படித்தான் அமைத்திருக்கிறது.

இது புதிய வித்தையும் இல்லை. சுவிட்சர்லாந்தின் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2011-லேயே எட்டு நிறுவனங்களின் பத்து மாடல்களில் செய்து பார்த்தார்கள். பத்துமே திறந்துகொண்டன. அண்மையில் வரும் சில உயர்விலைக் கார்களில் அலை போய்வரும் நேரத்தை அளந்து சாவியின் உண்மையான தூரத்தைக் கணக்கிடும் வசதி இருக்கிறது. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் அது இல்லை.

இனி செய்ய வேண்டியது. முதலில் சாவியை வாசல் கதவுப் பக்கத்து ஆணியிலிருந்து எடுத்து வீட்டின் உள்ளறைக்கு மாற்றுங்கள். அடுத்து, சாவிக்கென்றே விற்கும் அலை தடுக்கும் பை ஒன்று வாங்குங்கள். வாங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள். சாவியைப் பைக்குள் வைத்து மூடி, பையோடு கார் பக்கத்தில் போய்க் கைப்பிடியைத் தொடுங்கள். திறந்தால் அந்தப் பை உதவாது. மடிப்பில் உள்ளிருக்கும் உலோக இழை நாளடைவில் விட்டுப்போகும் என்பதால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி சோதித்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் எவர்சில்வர் சம்படத்தில் போட்டுப் பார்த்தேன், மூடி தளர்வாக இருந்ததால் கதவு திறந்துவிட்டது. இறுக்கமான மூடி போட்ட பழைய பிஸ்கட் தகர டின்னில் வைத்தபோது திறக்கவில்லை. அலுமினியத் தாளும் நன்றாகச் சுற்றினால் தடுக்கும், ஆனால் தினமும் பிரித்துச் சுற்றினால் கிழியும். பீரோவில் இருக்கும் இரண்டாவது சாவியை மறந்துவிடாதீர்கள். அதுவும் அதே மாதிரி பதில் சொல்லும்.

சில கார்களில் சாவியையே தூங்க வைக்கலாம், அல்லது கைப்பிடி தொட்டால் திறக்கும் வசதியை மெனுவில் போய் நிறுத்தலாம். மேனுவலில் பாருங்கள், இல்லையென்றால் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். அதற்குக் காசு கேட்டால் தராதீர்கள்.

ஷாப்பிங் மாலில் ரிமோட்டை அழுத்திவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்தால் கதவு பூட்டாமல் இருக்கிறது, லேப்டாப் இல்லை. கண்ணாடியும் உடையவில்லை. எப்படி? – ஐ.டி. ஊழியர், ஓசூர்

நீங்கள் அழுத்திய நேரத்தில் பக்கத்தில் ஒருவன் அதே அலைவரிசையில் இன்னொரு கருவியை அழுத்திக்கொண்டே இருந்திருக்கலாம். நம் நாட்டு ரிமோட்டுகள் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸை ஒட்டி வேலை செய்பவை. பக்கத்தில் பலமாக ஒரு சத்தம் இருந்தால் உங்கள் ரிமோட் சொல்வது காரின் காதில் விழாது, கார் பூட்டாது. நீங்கள் போனைப் பார்த்தபடி நடந்துபோயிருப்பீர்கள்.

தம்பி, இதற்கு எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். அழுத்தியதும் இண்டிகேட்டர் விளக்கு மின்னியதா, கண்ணாடி மடங்கியதா என்று நின்று பாருங்கள். பிறகு கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். சென்ஸர் கைப்பிடி உள்ள காரில் சாவி உங்கள் பையிலேயே இருப்பதால் இழுத்தால் திறந்துவிடும். அந்த மாதிரி கார் வைத்திருப்பவர்கள் விளக்கையும் பூட்டும் சத்தத்தையும் கவனித்தாலே போதும்.

என்னிடம் இருப்பது 2003 மாடல் சின்னக் கார். மூவாயிரம் ரூபாய்க்குள் என்ன பாதுகாப்பு செய்துகொள்ளலாம்? யாருமே பழைய வண்டியைப் பற்றி எழுதுவதில்லை. – மளிகைக் கடைக்காரர், கும்பகோணம்

பழைய வண்டிதான் எனக்கு அதிகம் தெரியும் அண்ணாச்சி, அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் சாவியில் சிப் இருக்கிறதா என்று பாருங்கள். தெருமுனைச் சாவிக் கடையில் வெட்டிய வெறும் இரும்புச் சாவியில் வண்டி ஸ்டார்ட் ஆகி ஓடினால் சிப் இல்லை என்று அர்த்தம். சிப் உள்ள வண்டியில் சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு காயில் இருக்கும். சாவியின் தலைக்குள் இருக்கும் சிப்பை அது படித்து, எண் பொருந்தினால்தான் எஞ்சின் கம்ப்யூட்டர் எரிபொருளை விடும். இதைத்தான் இம்மொபிலைசர் என்கிறார்கள். ஐரோப்பாவில் 1998-லிருந்தும் கனடாவில் 2007-லிருந்தும் புதிய கார்களில் இது கட்டாயம். அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. அதனால் அங்கே 2011 முதல் 2021 வரை விற்ற ஹூண்டாய், கியா கார்களில் லட்சக்கணக்கானவை இது இல்லாமலே வந்தன. ஸ்டீயரிங் அடியிலுள்ள மூடியைப் பிய்த்து, உள்ளே சாவி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு யூ.எஸ்.பி. வயரின் முனையைச் சொருகித் திருப்பினால் வண்டி கிளம்பிவிடும் என்று வீடியோ பரவியது. 2022-ல் பள்ளிப் பையன்கள்கூட அந்த வண்டிகளைத் திருடினார்கள், விபத்துகளில் உயிரும் போனது. 2023-ல் 83 லட்சம் கார்களுக்கு மென்பொருள் திருத்தம் அறிவித்தார்கள். கனடாவில் அதே கம்பெனிகளின் கார்களில் சிப் கட்டாயம் என்பதால் அங்கே இந்தத் தொல்லை எழவில்லை. சாவிக்குள் இருக்கும் ஒரு சின்ன சிப்புக்கு அவ்வளவு மதிப்பு.

உங்கள் வண்டியில் சிப் இல்லையென்றால் அதன் இடத்தில் ஒரு மறைவு கட்-ஆஃப் சுவிட்ச், அதாவது மின்சாரத்தைத் துண்டித்து வண்டியை ஓடவிடாமல் தடுக்கும் சுவிட்ச், போடலாம். நல்ல ரிலே, சுவிட்ச், ஃபியூஸ், கூலி எல்லாம் சேர்ந்தாலும் உங்கள் பணத்துக்குள் அடங்கும். எந்த வயரை வெட்டுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. செல்ஃப் மோட்டார் வயரை வெட்டினால் தள்ளி ஸ்டார்ட் செய்துவிடுவான். ஃபியூவல் பம்ப் ரிலேயின் கட்டுப்பாட்டு வயரில் வைத்தால் குழாயில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் எஞ்சின் சில நொடிகள் ஓடி, தெருவிலேயே நின்றுவிடும். மறுபடி முயன்றாலும் கிளம்பாத வண்டியோடு தெரு நடுவில் நிற்க எந்தத் திருடனும் விரும்பமாட்டான்.

சுவிட்ச் வைக்கும் இடம் பற்றி ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் எல்லா வண்டியிலும் டிரைவர் சீட்டுக்கு அடியில் இடது மூலையில்தான் சுவிட்சை வைப்பேன். வேலை சுலபம், வயரும் மிச்சம். மணப்பாறையிலிருந்து ஒரு விவசாயி வருவார். அவருடைய காரிலும் அங்கேதான் வைத்தேன். சந்தைக்குப் போன இடத்தில் வண்டி போய்விட்டது. பிறகு பிடிபட்டவன், சீட்டுக்கு அடியில் கை விட்டதும் சுவிட்ச் கிடைத்தது என்று போலீஸிடம் சொல்லியிருக்கிறான். எல்லா எலக்ட்ரீஷியனும் அங்கேதான் வைக்கிறோம் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த விவசாயி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் மனதில் நிற்கிறது. அன்றிலிருந்து இரண்டு வண்டியில் ஒரே இடத்தில் வைப்பதில்லை. எங்கே வைத்தேன் என்று பில்லில் எழுதுவதும் இல்லை. உங்களுக்கு வைப்பவரிடமும் இடத்தை நீங்களே சொல்லுங்கள். குழந்தையின் காலோ கையோ படும் இடம் வேண்டாம், ஓடும்போது பட்டு அணைந்தால் ஆபத்து.

மிச்சப் பணத்துக்குக் கண்ணில் படுகிற மாதிரி ஒரு ஸ்டீயரிங் லாக் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங் வளையத்தை ரம்பத்தால் அறுத்து அதைக் கழற்றிவிட முடியும் என்பது உண்மைதான். ஆனால் அறுக்கும் நேரமும் சத்தமும் அவனுக்கு இடைஞ்சல்.

ஆட்டோமொபைல் டிப்ளமா படிக்கிறேன். ஹெட்லைட்டைக் கழற்றி அதன் வயர் வழியாகவே காரைத் திருடுகிறார்கள் என்று படித்தேன். அப்படியானால் எந்த எலக்ட்ரானிக் கருவி போட்டும் பயனில்லைதானே? – மாணவர், மதுரை

நல்ல கேள்வி தம்பி. இப்போதைய காரில் ஹெட்லைட், கதவு, எஞ்சின் எல்லாம் இரண்டு வயர் கொண்ட ஒரே வலையில் பேசிக்கொள்கின்றன. கேன் பஸ் என்று வகுப்பில் சொல்லியிருப்பார்கள். 2022-ல் லண்டனில் கார் மின்னணுப் பாதுகாப்பையே ஆராய்பவர் ஒருவரின் டொயோட்டா ராவ்4 காணாமல் போனது. அதற்கு முன்பே இரண்டு முறை முன்பக்க பம்பர் ஓரம் பிய்க்கப்பட்டு ஹெட்லைட் வயர் தொங்கியிருக்கிறது. யாரோ சேட்டை செய்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். ப்ளூடூத் ஸ்பீக்கர் போன்ற உறைக்குள் ஒளித்த கருவியை அந்த வயரில் சொருகி, ‘சரியான சாவி உள்ளே இருக்கிறது’ என்ற செய்தியைத் திருடர்கள் வலைக்குள் புகுத்துகிறார்கள் என்று அவரும் நண்பரும் சேர்ந்து கண்டுபிடித்து 2023-ல் வெளியிட்டார்கள்.

இன்னொரு வழி, டிரைவர் முழங்கால் பக்கம் இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட். மெக்கானிக் ஸ்கேனர் சொருகும் இடம். கண்ணாடியை உடைத்து உள்ளே புகுந்து, அங்கே கருவியைச் சொருகிப் புதுச் சாவிக்குப் பதிவு போட்டுக்கொள்வார்கள். அந்த சாக்கெட்டுக்கு இரும்பு மூடிப் பூட்டு கிடைக்கிறது. வேறிடத்துக்கு மாற்றிவிட்டுப் பழைய இடத்தில் வெறும் சாக்கெட்டை விட்டுவைப்பவர்களும் உண்டு.

கருவியால் பயனில்லை என்று மட்டும் நான் சொல்லமாட்டேன். எலக்ட்ரானிக் வித்தைக்காரன் கம்ப்யூட்டரை ஏமாற்றலாம், ஆனால் இரும்பை அவனால் ஏமாற்ற முடியாது. கியர் லாக் போட்ட வண்டியில் எஞ்சினை ஸ்டார்ட் செய்தாலும் கியர் ரிவர்ஸிலேயே பூட்டிக் கிடக்கும். கதவைத் திறக்க ஒரு வித்தை, ஸ்டார்ட் செய்ய ஒரு வித்தை, கியரை விடுவிக்க வேறு ஆயுதம் என்று மூன்று வேலை வந்துவிட்டால் பெரும்பாலானவன் அடுத்த வண்டிக்குப் போய்விடுவான். நான் வண்டிக்குச் சொல்லும் கணக்கு இதுதான்: அவன் கண்ணில் படுகிற மாதிரி ஒன்று, அவனுக்குத் தெரியாத மாதிரி ஒன்று. கியர் லாக் வாங்கும்போது அதன் பிராக்கெட் வண்டியின் பாடியோடு போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் கன்சோலில் மட்டும் உட்கார்ந்திருந்தால் ஒரு திருகில் கையோடு வரும்.

பம்பர் ஓரமோ ஹெட்லைட் ஓரமோ திடீரென்று விலகியிருந்தால் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றிரவே வண்டியை வேறு இடத்தில் நிறுத்துங்கள்.

எட்டு வாடகை வண்டிகள் ஓட்டுகிறேன். ஆயிரத்து சொச்சம் ரூபாய்க்கு ஓ.பி.டி.யில் சொருகும் ஜி.பி.எஸ். கிடைக்கிறது. போதுமா? – டிராவல்ஸ் உரிமையாளர், சேலம்

டிரைவர் எந்த ரூட்டில் போகிறார் என்று பார்க்கப் போதும். திருட்டுக்குப் போதாது. சொருகியதைப் பிடுங்கி எறிய ஒரு நொடி ஆகாது, எங்கே இருக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

வயரில் இணைத்து உள்ளே ஒளித்து வைக்கும் வகையை வாங்குங்கள். அதற்குச் சொந்தமாக ஒரு சின்ன பேட்டரி இருக்க வேண்டும். திருடன் கார் பேட்டரி வயரைக் கழற்றினாலும் அது சில மணி நேரம் பேச வேண்டும், கழற்றியது பற்றி உங்கள் போனுக்கு உடனே எச்சரிக்கையும் வர வேண்டும். வைக்கும் இடத்துக்கு மேலே இரும்புத் தகடு இருந்தால் சாட்டிலைட் சிக்னல் கிடைக்காது. பிளாஸ்டிக், ரெக்ஸின், துணி எதுவும் பரவாயில்லை. நல்லதாக ஒன்று வாங்கிப் பொருத்திவிட்டு உள்ளே இருக்கும் சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எட்டு வண்டிக்கும் சிம் முடியும் தேதியை இன்ஷூரன்ஸ் தேதிக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

ஜாமர் வைத்திருப்பவனிடம் இதுவும் தோற்கும். ஜி.பி.எஸ்., மொபைல் இரண்டு சிக்னலையும் அது அடைத்துவிடும். அதனால்தான் டிராக்கரை மட்டும் நம்பாமல் கியர் லாக்கும் சேர்த்துப் போடச் சொல்கிறேன். போனோடு சேரும் ப்ளூடூத் டேக் போட்டால் மலிவு என்று சிலர் கேட்கிறார்கள். அறிமுகமில்லாத டேக் கூடவே வருகிறது என்று திருடனின் போனுக்கே எச்சரிக்கை போகும். ஆளைப் பின்தொடர்வதைத் தடுக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். இரண்டாவது காவலாக வைக்கலாம், முதல் காவலாக வேண்டாம்.

போனிலிருந்து எஞ்சினை நிறுத்தும் வசதி பற்றி ஒரு வார்த்தை. ஓடுகிற வண்டியின் எஞ்சினை நிறுத்தினால் பவர் ஸ்டீயரிங் போய்விடும், இரண்டு மூன்று மிதியில் பிரேக்கும் கல் மாதிரி இறுகும். எதிரே பள்ளிக் குழந்தைகள் வந்தால் என்ன ஆகும்? வண்டி நின்ற பிறகு மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கிற வகையாக மட்டும் அமைக்கச் சொல்லுங்கள். மேப்பில் வண்டி தெரிகிறது என்று நீங்களே துரத்திக்கொண்டு போகாதீர்கள். போலீஸாரிடம் போனைக் காட்டுங்கள்.

வெளிக்கடையில் அலாரம் போட்டால் வாரண்டி போய்விடும் என்று ஷோரூமில் பயமுறுத்துகிறார்கள். அங்கேயே போட்டால் இரண்டு மடங்கு விலை. – கோயம்புத்தூர் வாசகர்

வயரை வெட்டிப் போட்டால் அந்த மின்சுற்றுக்கு வாரண்டி தரமாட்டார்கள், அது நியாயம்தான். ஆனால் உங்கள் மாடலுக்கென்றே வரும் கப்ளரை, அதாவது வயர்களை இணைக்கும் சொருகியை, வாங்கினால் ஒரு வயரையும் வெட்ட வேண்டியதில்லை. ஏற்கெனவே இருக்கும் கப்ளரைக் கழற்றி நடுவில் இதைச் சொருகினால் முடிந்தது.

சென்ற வருடம் ஒரு வண்டி கருகிய வாசனையோடு வந்தது. டேஷ்போர்டைப் பிரித்தேன். அலாரத்துக்குப் பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் எடுத்திருக்கிறார்கள், நடுவில் ஃபியூஸே இல்லை. வயரைப் பல்லால் சீவி முறுக்கி டேப் சுற்றியிருந்தது. அந்த டேப் வெயிலில் உருகி வழிந்து, வயர் பாடியில் பட்டிருக்கிறது. அந்தக் குடும்பம் அன்று மாலை குழந்தைகளோடு வேளாங்கண்ணி கிளம்புவதாக இருந்தது. இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. பொருத்துபவரிடம் ஃபியூஸ் எங்கே என்று கேளுங்கள், அவர் கையால் தொட்டுக் காட்ட வேண்டும். பொருத்தி முடித்ததும் இரவு முழுக்க வண்டியை நிறுத்தி வைத்து, காலையில் செல்ஃப் எப்போதும்போல் எடுக்கிறதா என்று பாருங்கள்.

அலாரம் நள்ளிரவில் தானாகவே கத்துகிறது. வீதியில் எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். – ஸ்ரீரங்கம் வாசகி

அதிர்வைக் கண்டுபிடிக்கும் ஷாக் சென்ஸரின் உணர்வு அதிகமாக வைக்கப்பட்டிருக்கிறது. சென்ஸரிலேயே சின்னத் திருகு இருக்கும், குறைத்துக்கொள்ளலாம். உள்ளங்கையால் கண்ணாடியைப் பலமாகத் தட்டினால் கத்த வேண்டும், லாரி போனால் கத்தக் கூடாது. கோயில் வீதியில் மேளம், வெடி இரண்டும் உண்டு என்று பொருத்துபவரிடமே சொல்லிவிடுங்கள். பானெட் மூடியின் சுவிட்ச் துருப்பிடித்திருந்தாலும் இப்படிக் கத்தும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். தினமும் கத்தும் அலாரத்தை யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள், அதனால் இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

என்னுடைய ஈகோ வேனில் சைலன்சரை மட்டும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதில் என்ன இருக்கிறது? – கேட்டரிங் தொழில் செய்பவர், விழுப்புரம்

சைலன்சரோடு சேர்ந்திருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்காக. புகையைச் சுத்தப்படுத்த அதற்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசியிருக்கிறார்கள். கிராம் கணக்கில் கொஞ்சம்தான், ஆனால் விலை அதிகம். உங்கள் வேனில் அடிப்பக்கம் தாராளமாகக் கை போகும். அதனால்தான் குஜராத், மகாராஷ்டிரா, டெல்லி என்று பல இடங்களில் இதே வண்டியைத் தேடி வந்தார்கள். லேத்தில் சொல்லி, போல்ட்டுகளை மறைக்கிற மாதிரி இரும்புக் கம்பிக் கூண்டு அடித்து சேஸில் பொருத்துங்கள். சூடு போக இடைவெளி வேண்டும். இரவில் பின்பக்கம் சுவரை ஒட்டி நிறுத்துங்கள்.

பழைய கார் வாங்கினேன். ஒரு சாவிதான் தந்தார்கள், இன்னொன்று தொலைந்துவிட்டதாம். – அரசு ஊழியர், புதுக்கோட்டை

தொலைந்தது என்றால் யாரிடமோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள் சார். சிப் சாவியாக இருந்தால் சர்வீஸ் சென்டரில் பழைய சாவிகளின் பதிவு முழுவதையும் அழித்து, உங்கள் கையில் இருப்பதையும் புதிதாக வாங்கும் இன்னொன்றையும் பதியச் சொல்லுங்கள். அதன் பிறகு பழைய சாவி கதவைத் திறந்தாலும் திறக்கும், எஞ்சினைக் கிளப்பாது. செலவு சில ஆயிரங்கள் ஆகலாம், தள்ளிப் போடாதீர்கள்.

வாங்கிய வண்டியே திருட்டு வண்டியா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாடியில் குத்தியிருக்கும் பதினேழு எழுத்து சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் புதிதாகவோ தகடு சொரசொரப்பாகவோ இருந்தால் சந்தேகப்படுங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவையில் எண்களைக் கொடுத்தால் திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று தெரியும்.

திருட்டுத் தடுப்புக் கருவி போட்டால் இன்ஷூரன்ஸில் எவ்வளவு குறையும்? – கரூர் வாசகர்

அதிகம் எதிர்பார்க்காதீர்கள். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகன ஆராய்ச்சி நிறுவனம் அங்கீகரித்த கருவியைப் பொருத்தி, அதற்கான சான்றிதழும் தந்தால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் என்பதுதான் மோட்டார் டாரிஃப் காலத்துக் கணக்கு, அதாவது எல்லாக் கம்பெனிக்கும் ஒரே கட்டண விதி இருந்த காலத்தில் போட்டது.

தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் திருட்டுக்கு ஒரு ரூபாய்கூட வராது, அதை முதலில் பாருங்கள். வருகிற தொகையும் வண்டி வாங்கிய விலை கிடையாது. பாலிசியில் எழுதியிருக்கும் ஐ.டி.வி.தான், அதாவது தேய்மானம் கழித்து வண்டிக்குப் போட்ட மதிப்பு. இரண்டு வருடம் தாண்டிய வண்டிக்கு 30 சதவீதம், நான்கு தாண்டினால் 50 சதவீதம் கழித்துப் போடுவது வழக்கம். புது வண்டிக்காரர்கள் பில்லில் உள்ள விலையையே தரும் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்ற கூடுதல் பாலிசியைப் பற்றி விசாரியுங்கள், கடனில் வாங்கியவர்களுக்கு அது பெரிய ஆறுதல். கம்பெனிக்காரர்கள் இரண்டு சாவியையும் கேட்பார்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் வண்டியில் சாவியை விட்டுவிட்டுப் போனீர்களா என்ற விசாரணை தொடங்கும்.

பத்து நாள் முன்பு எங்கள் கார் வாசலிலிருந்தே போய்விட்டது. நான்தான் சாவியைத் திண்ணை ஜன்னல் மேல் வைத்தேன். வீட்டில் எல்லோரும் என்னையே சொல்கிறார்கள். அன்றே ஸ்டேஷனுக்குப் போனேன், ஒரு ரசீது தந்தார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு இன்னும் சொல்லவில்லை. இனி என்ன செய்வது? – பெயர் வேண்டாம் என்ற வாசகி, பெரம்பலூர்

அம்மா, உங்கள் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன். எல்லோரும் படிக்கட்டும் என்று கடைசியில் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஜன்னலில் சாவி வைப்பது நம் ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பது. வண்டியை எடுத்தவன் திருடன். குற்றம் அவனுடையது.

உங்களிடம் இருப்பது சி.எஸ்.ஆர். ரசீதாக இருக்கும், அதாவது புகார் வாங்கிக்கொண்டோம் என்பதற்கான சீட்டு. இன்ஷூரன்ஸுக்கு அது போதாது. எஃப்.ஐ.ஆர். என்ற முதல் தகவல் அறிக்கை வேண்டும். நாளைக்கே போய்க் கேளுங்கள். வண்டித் திருட்டில் எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும். எல்லை எங்களுடையதில்லை என்று சொல்லி அனுப்பவும் முடியாது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி எந்த ஸ்டேஷனிலும் பதியலாம். மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றே சொல்லுங்கள். பத்து நாள் தாமதம் என்று மறுப்பார்களோ என்று பயப்பட வேண்டாம். போலீஸில் உடனே புகார் கொடுத்திருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டுமே காட்டி மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2020 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. முதல் நாளே நீங்கள் ஸ்டேஷனுக்குப் போனதற்கு அந்த ரசீதுதான் சாட்சி, பத்திரமாக வையுங்கள். சாவி எங்கே இருந்தது என்று கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மாற்றிச் சொல்லி மாட்டிக்கொண்டால் அதையே காரணமாக வைத்து மறுப்பார்கள்.

வண்டியின் ஃபாஸ்டேக் கணக்கை மூடிவிட்டீர்களா? மூடவில்லையென்றால் அப்படியே விடுங்கள். வங்கியிலிருந்து வந்த எஸ்.எம்.எஸ்.களை இப்போதே பாருங்கள். எந்தச் சுங்கச்சாவடியை எத்தனை மணிக்குத் தாண்டியது என்று அதில் இருக்கும். திருடன் ஸ்டிக்கரைக் கிழித்திருக்கலாம், ஆனால் பல பேர் அவசரத்தில் மறந்துவிடுகிறார்கள். சமயபுரம் சாவடி என்று ஒரு வரி இருந்தால்கூடப் போலீஸாருக்கு அங்கே கேமரா இருக்கிறது.

ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் கடன் தந்த வங்கியிலும் எழுத்தில் சொல்லுங்கள். தவணையைத் திடீரென்று நிறுத்தாதீர்கள், அது உங்கள் பெயரில்தான் ஏறும். வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற போலீஸ் சான்றிதழ் வந்த பிறகுதான் கம்பெனி பணம் தரும். மாதக்கணக்கில் ஆகும், விடாமல் கேளுங்கள்.

வண்டி கிடைத்துவிட்டால் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். ஜன்னலில் இருந்த சாவி இன்னும் யார் கையிலாவது இருக்கும். பெரம்பலூரிலிருந்து பாலக்கரை ஒரு மணி நேரம்தான். நேராக என்னிடம் கொண்டுவாருங்கள், சாவிப் பதிவையும் பூட்டையும் மாற்றித் தருகிறேன். கூலி வேண்டாம்.